இரவு 9.40 என்று காட்டிய கோப்பு

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு. கூலாய், ஜொகூர்

திருப்பலி முடிந்து வந்தபோது கேட்டுக்கு உள்ளே சங்கத்தின் கடிதம் கிடந்தது. நிருபர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் 24-ஆம் தேதி, காலை பத்து மணிக்கு. தலைவர் பதவிக்கு இருவர் போட்டி: லோகேஸ்வரன், காளியப்பன்.

செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே இரண்டு முறை படித்தேன்.

அந்தச் செய்தி அச்சாகி ஒன்பது வருடம், மூன்று மாதம், இருபத்தொரு நாள். இன்றுவரை சரியாக எண்ணி வைத்திருக்கிறேன். மறந்துவிட்டாயா என்று கேட்பவர்களைப் பார்த்துச் சிரிப்பேன், அவ்வளவுதான்.

வரிசை மாறாமல் ஒரு முறை எழுதிவிடுகிறேன். 12 ஏப்ரல் 2016, செவ்வாய். காலை 11.20-க்குக் கூலாய் அருகே நெடுஞ்சாலையில் லோரி ஒன்று இரண்டு மோட்டார் சைக்கிள்களை இடித்தது. தொழிற்சாலைப் பெண்கள் இருவர் இறந்தார்கள். லோரியை ஓட்டியவர் லாபிஸ்காரர் மணியம். மறுநாள் என் பெயரில் வந்த செய்தியில் ஒரு வரி: 'ஓட்டுநர் மது அருந்தியிருந்ததாகப் போலீஸ் தெரிவித்தது.' போலீஸ் அப்படிச் சொல்லவில்லை. ரத்தத்தில் ஒரு சொட்டும் இல்லை, டயர் வெடித்திருந்தது. பத்திரிகை மன்னிப்புக் கேட்டது, என் பெயரைப் போட்டு. மணியத்துக்கு அதன்பிறகு யாரும் லோரி கொடுக்கவில்லை. நான் ராஜினாமா செய்தேன். இருபத்தாறு வருட வேலை.

அந்த வரியை நான் எழுதவில்லை. என் கையை விட்டுப் போன செய்தி அதன்பின் ஒரே ஒருவர் கைக்குத்தான் போகும்: அன்றைய இரவு ஆசிரியர் காளியப்பன். விசாரணையில் அவர் சொன்னது இரண்டே வார்த்தை. "வந்தபடியே போட்டேன்."

அவர் தலைவராம்.

6 ஆகஸ்ட், புதன்

பழைய டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்தேன். அந்தக் காலத்தில் ஆபீஸ் நெட்வொர்க் பாதி நாள் படுத்துவிடும். ஆகவே செய்தியை அவரவர் டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கைக் கணினியில் செருகியபடியே விட்டுப் போவோம். இரவு ஆசிரியர் அதிலிருந்து எடுத்துக்கொள்வார். அன்றும் அப்படித்தான் விட்டுப் போனேன். என் செய்தி இன்னும் அதற்குள் இருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் மூவாரில் தங்கை வலேரியின் விண்டோஸ் கணினியில் செருகிப் பார்த்தேன். 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. பயந்து பிடுங்கிவிட்டேன். டிஸ்க் செத்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

இன்று அக்பரின் கணினிக் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த டிஸ்க்கை 2015-இல் எனக்குப் பிரித்துக் கொடுத்தவரே அவர்தான்; என் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவரும் அவரே.

"அலமாக், இது சாகல அக்கா. மூணு ரூமா பிரிச்சேன், மறந்துட்டீங்களா? ஒண்ணு ஃபேட், எல்லா மெஷினும் படிக்கும். ஒண்ணு என்டிஎஃப்எஸ், விண்டோஸுக்கு. கடைசி ரூம் லினக்ஸுக்கு மட்டும். அந்தக் கடைசி ரூமைப் பார்த்துத்தான் விண்டோஸ் முழிக்குது. அதுக்குப் புரியலன்னா ஃபார்மட்னு கேட்கும். ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா எல்லாம் அழிஞ்சு முடிஞ்சுது லா."

"என் மெஷின்ல மூணும் திறக்குமா?"

"திறக்கும். எந்த ரூமுக்கு எந்தச் சாவின்னு அதுக்குத் தெரியும். தெரியலன்னா நீங்க சொல்லணும். யாரைப் பிடிக்கப் போறீங்க அக்கா, மூஞ்சியே சரியில்லையே?"

ஒருத்தரை, என்றேன்.

9 ஆகஸ்ட், சனி

காலை பசியாறிவிட்டு உட்கார்ந்தேன். டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் lsblk -f கட்டளையை அடித்ததும் மூன்று வரிகள் வந்தன. sdb1, vfat. sdb2, ntfs. sdb3, ext4. அக்பர் சொன்ன அதே வரிசை.

முதலாவது சிரமமே இல்லாமல் மவுன்ட் ஆனது, அதாவது கணினி அதைத் திறந்து உள்ளே விட்டது. mount -t vfat. ஒரு பிழைச் செய்திகூட இல்லை. உள்ளே 2016 என்ற கோப்புறை, அதற்குள் ஏப்ரல், அதற்குள் kulai_lori.

திறந்தேன். என் எழுத்து. என் முதல் பத்தி, என் வாக்கிய அளவு. நான்காவது பத்தியில் அந்த வரி.

கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தேன்.

12 ஏப்ரல் 2016, 21:40:22.

இரவு 9.40. நான் அப்போது மூவாரில் இருந்தேன். டிஸ்க் ஜொகூர் பாருவில், ஆபீஸ் கணினியில். ஆபீஸில் இருந்தது யார்?

காளி, மாட்டினாயா.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பாவத்தை மன்னிக்கிற மனநிலையில் இல்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

அன்று நான் எங்கே இருந்தேன் என்பதற்கு ஆதாரம் வேண்டும். வீட்டில் எழுதிய குறிப்புகள் லினக்ஸ் பகுதியில் இருந்தன. மவுன்ட் ஆயிற்று, ஆனால் கோப்புறையைத் தொட்டால் 'அனுமதி இல்லை'. என் சொந்தக் குறிப்புகளுக்கு எனக்கே அனுமதி இல்லை! அக்பருக்குப் போன் போட்டேன்.

"அந்த ரூம் ஆளுக்கு ஒரு நம்பர் எழுதி வச்சிருக்கும் அக்கா. பழைய மெஷின்ல நீங்க ஆயிரத்து ஒண்ணு. புது மெஷின்ல ஆயிரம். வேற ஆளுன்னு நினைக்குது. sudo போட்டு, முதலாளி அதிகாரத்துல படிங்க."

"ஃபேட்ல அப்படிக் கேட்கலையே?"

"ஃபேட்டுக்கு ஆளே தெரியாது. யார் எழுதுனாலும் ஒண்ணுதான்."

சரி. யார் என்பதை அது சொல்லாது. எப்போது என்பதைச் சொல்லிவிட்டது, எனக்கு அது போதும்.

குறிப்பு கிடைத்தது. '3.05 ஆபீஸிலிருந்து கிளம்பினேன். 3.31 டோல். 6.30 மூவார், அம்மாவின் முதலாமாண்டு நினைவுத் திருப்பலி. இரவு வலேரி வீட்டில்.' டோல் ரசீதின் படமும் உடன் இருந்தது. என் பழக்கத்துக்கு இன்று நானே கை கொடுத்துக்கொள்ளலாம்.

நடுவில் இருந்த என்டிஎஃப்எஸ் பகுதி மட்டும் திறக்கவில்லை. 'அழுக்காக இருக்கிறது' என்ற பொருளில் ஒரு பிழை. ராஜினாமா செய்த அன்று டிஸ்க்கை ஆபீஸ் கணினியிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினேன். பாதுகாப்பாக நீக்கு என்பதை அழுத்தவில்லை. அந்தக் கோபத்தை அது இன்னும் வைத்திருக்கிறது போலும். இருக்கட்டும். அதில் என்ன இருக்கப்போகிறது, என் பழைய சேமிப்பு. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

15 ஆகஸ்ட், வெள்ளி

ரூபினியைச் சந்தித்தேன். இணையச் செய்தித்தளம் நடத்துகிறாள்; நான் பயிற்சி கொடுத்த பெண். ஸ்கிரீன்ஷாட்கள், குறிப்பு, ரசீது எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். மெல்லப் பார்த்தாள்.

"அக்கா, இது வெடிக்கும். காளியப்பன் சார்கிட்டப் பேசிட்டீங்களா?"

"விசாரணையில சொல்லிட்டாரே. வந்தபடியே போட்டேன்னு."

"அது அப்ப. இந்த 9.40 பத்தி?"

"அதைப் போடு. பழைய பதில்தான் அவர் பதில்."

தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டாள். பிறகு சரி என்றாள். அவளுக்கு என்மேல் மரியாதை.

20 ஆகஸ்ட், புதன்

வந்துவிட்டது. 'இரவு 9.40: மாற்றப்பட்ட செய்தி, பலியான இரு பெயர்கள்.' இரு பெயர்கள் என்றால் மணியமும் நானும். மதியத்துக்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப் பத்துச் செய்திகள். ஒருவர்: 'இப்படிப்பட்டவர் நமக்குத் தலைவரா?' இன்னொருவர்: 'நாக்கூசாமல் மறுத்தாரே!' காளியப்பன் ஒரு வரியும் எழுதவில்லை.

எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொன்றையும். சாப்பிட மறந்தேன்.

22 ஆகஸ்ட், வெள்ளி

காளியப்பன் போட்டியிலிருந்து விலகிவிட்டார். 'குடும்பக் காரணங்கள்.' அவருடைய மகளின் அலுவலகத்தில்கூடக் கேட்டார்களாம்.

நல்லது. 2016-இல் என் தெருவில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்களே, அது எப்படி இருக்கும் என்று அவரும் கொஞ்சம் பார்க்கட்டும்.

மாலை அவரே அழைத்தார். எடுக்கக் கூடாது என்று நினைத்து எடுத்தேன்.

"லூசி அக்கா. திட்ட வரல. ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு நான் டூட்டிக்கு வந்ததே ஏழு மணிக்கு. உங்க ஃபைலை எடுத்து, தலைப்பு போட்டு, பக்கத்துல வச்சு, எட்டரைக்கெல்லாம் பக்கம் அச்சுக்குப் போயிடுச்சு. ஒன்பது நாப்பதுக்கு அதை நான் தொட வேண்டிய அவசியமே இல்ல."

"டிஸ்க் பொய் சொல்லுமா, காளி?"

"அது எனக்குத் தெரியாது. நீங்க சாப்பிடப் போறதுக்கு முன்னால ஒரு காப்பி எடுத்து வப்பீங்களே, வேற இடத்துல? எங்களை எல்லாம் அதுக்குத் திட்டுவீங்களே. அதைப் பாத்தீங்களா?"

வைத்துவிட்டேன்.

அது உண்மை. மதியச் சாப்பாட்டுக்கு எழும் முன் ஒரு நகலை என்டிஎஃப்எஸ் பகுதியில் போட்டுவிடுவேன். ஒரு நாளும் தவறியதில்லை. சரி, திறக்கிறேன். அதில் அந்த வரி இருக்காது. பிறகு அவர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்?

23 ஆகஸ்ட், சனி

அக்பர் போனில் சொன்னார்: "force போடாதீங்க அக்கா. ro போடுங்க. படிக்க மட்டும்னு சொன்னா அழுக்கா இருந்தாலும் உள்ளே விடும்."

விட்டது. காலை 10.15.

kulai_lori இருந்தது. சேமித்த நேரம் 12 ஏப்ரல் 2016, 13:40:22.

மதியம் 1.40. சாப்பாட்டுக்கு முந்தைய நகல். சந்தோஷத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். திறந்தேன். முதல் பத்தி. இரண்டு. மூன்று.

நான்காவது பத்தியில் அந்த வரி இருந்தது.

தவறான கோப்பைத் திறந்துவிட்டேன் என்று மூடித் திரும்பத் திறந்தேன். இருந்தது. cmp என்று ஒரு கட்டளை உண்டு. இரண்டு கோப்புகளையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, எங்கே வேறுபாடு என்று சொல்லும். அடித்தேன். அது எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாவிட்டால் இரண்டும் ஒன்று.

13:40:22. 21:40:22. நிமிடம் ஒன்று. நொடியும் ஒன்று. இடையில் சரியாக எட்டு மணி நேரம்.

எந்த மனிதன் சரியாக எட்டு மணி நேரம் கழித்து, அதே நொடியில், ஒரு எழுத்தும் மாற்றாமல் சேமிப்பான்?

முதல் பகுதியில் இருந்த விபத்துப் படங்களைப் பார்த்தேன். நான் எடுத்தவை. லோரியின் நிழல் அதன் சக்கரத்தடியிலேயே கிடக்கிறது, உச்சி வெயில். கோப்பின் நேரம் 19:52 என்கிறது. ஜொகூரில் ஏழே முக்கால் தாண்டினால் இருட்டு.

அக்பரிடம் மறுபடி கேட்டேன். நிதானமாகச் சொன்னார். "ஃபேட்டுக்கு ஊர் நேரம் மட்டும்தான் எழுதத் தெரியும் அக்கா, எந்த ஊர்னு எழுதாது. லினக்ஸ் அதை லண்டன் நேரம்னு நினைச்சு, நம்ம எட்டு மணி நேரத்தை மேல கூட்டிக் காட்டும். என்டிஎஃப்எஸ் அப்படி இல்ல, அது ஒழுங்கா எழுதும். மவுன்ட் பண்றப்பவே time_offset=480 போட்டா, எட்டு மணி நேரத்தோட நிமிஷக் கணக்கு அது, சரியாயிடும். ஏன், ஏதாச்சும் பிரச்சினையா?"

இல்லை என்றேன்.

போட்டுப் பார்த்தேன். 9.40 போய் 1.40 ஆனது. அவ்வளவு சுலபமாக.

அந்த வரியை நான்தான் எழுதியிருக்கிறேன்.

ஏன்? போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். அறிக்கை வரும்வரை பொறுங்கள் என்றார்கள். சாலையோரம் இளநீர்க் கடைக்காரர் ஒருவர், "மப்புல இருந்திருப்பான் கா" என்றார். மூவார் திருப்பலிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்த ஆள் சொன்னதைப் போலீஸ் வாயில் வைத்தேனா? எனக்கு அது இன்னும் நினைவில் இல்லை. எழுதிய நினைவு இல்லை என்பதை எழுதவில்லை என்று ஒன்பது வருடம் சொல்லியிருக்கிறேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கூட்டத்துக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

லோகேஸ்வரன் போட்டியின்றித் தலைவரானார். எழுந்து, "ஒன்பது வருஷம் பொறுத்திருந்து உண்மையை வெளியே கொண்டு வந்த நம்ம லூசி அக்காவுக்கு" என்று என்னை மேடைக்கு அழைத்தார். பொன்னாடை போர்த்தினார். ஐம்பது அறுபது பேர் கை தட்டினார்கள். புகைப்படம் எடுத்தார்கள்.

நன்றி என்றேன். இறங்கி வந்து உட்கார்ந்தேன்.

நன்றி என்று மட்டும்.

25 ஆகஸ்ட், திங்கள்

பொன்னாடை சோபாவில் கிடக்கிறது. மடிக்கவும் இல்லை.

26 ஆகஸ்ட், செவ்வாய்

டிஸ்க்கைச் செருகினேன். sudo mkfs.ntfs /dev/sdb2 என்று அடித்தேன். Enter அழுத்தினால் நடுப் பகுதி வெற்றிடம். அந்த நகல் இருந்ததே யாருக்கும் தெரியாது. காளியப்பன் சொல்வதை யார் நம்பப்போகிறார்கள்?

அழுத்தவில்லை. நல்ல மனசு என்று எழுத ஆசை. ஆனால் முதலில் தோன்றியது வேறு: அக்பருக்கு எட்டு மணி நேரத்தின் கதை தெரியும். அவர் ஒருநாள் ரூபினியின் கட்டுரையைப் படிப்பார். அதன்பிறகுதான் மணியத்தின் ஞாபகம் வந்தது. வரிசை இதுதான். மாற்றி எழுதமாட்டேன்.

27 ஆகஸ்ட், புதன்

ரூபினியிடம் சொன்னேன். முழுவதும். 

"நான் கேட்டேனே அக்கா. அவர்கிட்டப் பேசிட்டீங்களான்னு."

"கேட்டாய்."

கட்டுரையை அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டாள்.

பிறகு காளியப்பனை அழைத்தேன். "காளி, அந்த நகலைப் பார்த்தேன். வரி அதில் இருக்கிறது. எழுதியது நான்." அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்.

"டிஸ்க் உங்ககிட்டத்தானே இருக்கு?"

"இருக்கிறது."

"எழுத்துல குடுங்க. டிஸ்க்கையும் குடுங்க. மன்னிப்பு அப்புறம் பாப்போம், அவசரமில்ல. எனக்கு ஒன்பது வருஷம்லாம் வேணாம், ஒரு வாரம் போதும்."

குரல் உயரவே இல்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். மூன்று வாரமாக என் தொண்டையில் இருந்தது அதுதான்.

28 ஆகஸ்ட், வியாழன்

டிஸ்க்கை அவர் வீட்டில் கொடுத்தேன். கூடவே ஒரு தாள்: மூன்று பகுதிகளையும் எப்படி மவுன்ட் செய்வது, எதை எந்த வகையாக, ro ஏன், 480 ஏன். அவர் மனைவி வாங்கிக்கொண்டார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்கமாட்டேன்.

30 ஆகஸ்ட், சனி

லாபிஸ். மணியத்தின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். இப்போது செம்பனைக் குலை ஏற்றுகிற இடத்தில் கணக்கெடுக்கிறார். வயது அறுபத்தொன்று. என்னை அடையாளம் தெரியவில்லை. யார் என்று சொன்னேன், என்ன என்று சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

"போன வாரம் என் மக போன்ல காட்டுனா. வேற ஒருத்தர் எழுதுனதுன்னு போட்டிருந்துச்சு."

"அது தப்பு. நான் எழுதியது."

"சரிம்மா. நீங்க எழுதுனா என்ன, அவரு எழுதுனா என்ன? ஒன்பது வருஷமா கடையில உக்காந்தா, அதோ குடிகார மணியம்னுதான் சொல்றானுங்க. நான் ஜென்மத்துல குடிச்சதில்ல. யாரு எழுதுனாங்கன்னு ஒருத்தனும் கேக்கலயே."

நான் அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"போட்டோ ஏதும் எடுக்கணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். "போட்டா பேர சரியா போடுங்க. மணியம் த/பெ அங்கமுத்து. அன்னிக்கு அப்பா பேரு கூட இல்ல."

குறித்துக்கொண்டேன்.

4 செப்டம்பர், வியாழன்

காலை 11.08-க்கு ரூபினியின் மின்னஞ்சல். 'மிஸ் லூசி அவர்களுக்கு' என்று தொடங்கியது. இதற்கு முன் ஒருபோதும் அப்படி அழைத்ததில்லை. டிஸ்க்கைக் காளியப்பன் அவளிடம் கொடுத்திருக்கிறார்; வெளியாள் ஒருவரை வைத்துப் பார்த்தாகிவிட்டது. கட்டுரை இன்று மாலை வருகிறது. என் தரப்புப் பதில் ஐந்து மணிக்குள் வேண்டும். நான்கு கேள்விகள்.

அந்த வரியை எழுதியது யார்? நான்.

போலீஸ் அப்படிச் சொன்னதா? இல்லை. லாபிஸைச் சேர்ந்த மணியம் த/பெ அங்கமுத்து அன்று மது அருந்தியிருக்கவில்லை. இந்த வாக்கியத்தை வெட்டாமல் போடவும்.

24-ஆம் தேதிக் கூட்டத்தில் மேடை ஏறியபோது உண்மை தெரியுமா? தெரியும். முதல் நாள் காலை 10.15 முதல்.

மூன்றும் பத்து நிமிடத்தில் முடிந்தன. நான்காவது: 'வெளியிடும் முன் காளியப்பனிடம் 9.40 பற்றி நீங்கள் ஏன் கேட்கவில்லை?'

நேரமில்லை என்று எழுதி அழித்தேன். நேரம் இருந்தது, ஐந்து நாள். பழைய பதில் போதும் என்று நினைத்தேன் என்று எழுதி, அதையும் அழித்தேன். 4.52 ஆகிவிட்டது.

'கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.'

அனுப்பிவிட்டேன்.